பெமிலாவின் கறை போன கை

எங்கள் அண்டியாபீஸில் சாதி என்ற சொல்லை யாரும் வாய்விட்டுச் சொல்லி நான் கேட்டதில்லை. அவ்வளவு மரியாதைக்காரர்கள். கை என்றுதான் சொல்வார்கள். "அவளுக்க கை சரிப்படாது" என்றால் போதும், கேட்கிறவருக்கு விஷயம் விளங்கிவிடும். பெமிலாவிடமும் அப்படித்தான் சொன்னார்கள். அவளோ சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டு, கையைச் சரிப்படுத்தி, திரும்பி வந்து நின்றாள். அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன். எனக்குக் கண் சரியில்லை, பெரிய பெரிய எழுத்தாகத்தான் எழுத முடிகிறது. ஆனாலும் எழுதியே தீரவேண்டும். இன்றைக்கு நான் யார் வீட்டு அடுக்களையிலும் ஒண்டிக் கிடக்காமல் சொந்தச் சம்பாத்தியத்தில் சாப்பிடுகிறேன் என்றால் அது அவளால்தான்.

கொல்லாங்கொட்டையை, அதாவது முந்திரிக்கொட்டையை, எங்கள் பக்கம் அண்டி என்போம். அதை உடைத்துப் பருப்பெடுக்கிற ஃபாக்டரிதான் அண்டியாபீஸ். எங்களுடையது புதுக்கடையிலிருந்து கருங்கல் போகிற ரோட்டில் கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது, கேட் மட்டும் ரோட்டோரம். கீழே ஒரு நீளமான ஷெட். அதில் ஒரு பக்கம் வேகவைத்த கொட்டையைக் காலால் மிதிக்கிற மெஷினில் வைத்து வெட்டுவார்கள். மறுபக்கம் உலர்ந்த பருப்பின் தொலியை உரிப்பார்கள், அது பீலிங். மேலே மாடியில் கிரேடிங், அதாவது பருப்பை முழுசு, பிளவு, பொடி என்று தரம் பிரிக்கிற வேலை. கீழே தரையில் குத்தவைத்து இருக்கவேண்டும். மேலே பெஞ்சும் மேசையும் ஃபேனும் உண்டு.

கீழே இருந்தவர்கள் எல்லாரும் காலனியிலிருந்து வருகிற சாம்பவர் வீட்டுப் பெண்கள். மேலே நாங்கள், அதாவது மற்ற எல்லாரும். எந்தச் சட்டத்திலும் இப்படி எழுதி வைத்திருக்கவில்லை. வேலை கேட்டு ஒருத்தி வந்தால் மேஸ்திரி ரசலையன் "வீடு எங்க?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்பார். பதிலைக் கேட்டுவிட்டு ஷெட்டைக் காட்டுவார், அல்லது மாடிப்படியைக் காட்டுவார்.

எனக்கு மாடிப்படியைக் காட்டினார். நான் தாணம்மாள், தேரூர்ப் பக்கம் வயற்காட்டுக்காரர் வீட்டில் பிறந்த வெள்ளாளத்தி. கருங்கலில் கட்டிக்கொடுத்தார்கள். கட்டியவர் கல்ஃபுக்குப் போனார், அங்கேயே இன்னொரு குடும்பமாகிவிட்டார். அன்றிலிருந்து ஊருக்கு நான் வாழாவெட்டி. மாடியில் எனக்கு மரியாதை இருந்தது, ஆனால் அளந்து வைத்த மரியாதை. யாராவது மகளுக்குக் கல்யாணம் என்று அழைப்பார்கள், போனால் தாலி கட்டும் நேரத்தில் "தாணம்மா, நீ கொஞ்சம் பின்னால நில்லு" என்பார்கள். அந்தப் பின்னால் நிற்பதற்கும் கீழே குத்தவைத்து இருப்பதற்கும் ஏதோ உறவு உண்டு என்று அப்போது எனக்குப் படவில்லை. என் பாடு எனக்கு, அவர்கள் பாடு அவர்களுக்கு.

பெமிலா பத்தாங்கிளாஸ் முடித்த கையோடு அவள் அம்மையின் பக்கத்தில் வந்து குத்தவைத்தவள். பெயிண்டர் வேலை பார்த்த ஸ்டெனியைக் கட்டினாள். அபினா என்று ஒரு மகள். அந்தப் பிள்ளை சின்ன வகுப்பில் படிக்கும்போதே ஸ்டெனி கேரளத்தில் ஒரு கட்டடத்தின் சாரத்திலிருந்து விழுந்து செத்துப்போனான். பெமிலா அழுது முடித்துவிட்டு மறுபடியும் வெட்டு மெஷின் முன்னால் வந்து உட்கார்ந்தாள். நல்ல சிரிப்புக்காரி. ஷெட்டில் அவள் எதையாவது சொல்லி, கீழே கிளம்புகிற சிரிப்பு மாடிக்குக் கேட்கும். நாங்கள் என்ன விஷயம் என்று தெரியாமல் எரிச்சல்படுவோம்.

கொட்டையின் தோட்டுக்குள் ஒரு எண்ணெய் இருக்கிறது. பட்ட இடம் வெந்துபோகும், கறுத்துப்போகும். கீழே உள்ளவர்கள் கையில் சாம்பலைப் பூசிக்கொண்டு வேலை செய்வார்கள், அப்படியும் விரலெல்லாம் தார் தொட்ட மாதிரிதான் இருக்கும். பெமிலாவுக்கு நாற்பது தாண்டியதும் உள்ளங்கை வெடிக்கத் தொடங்கியது. சோறு பிசைந்தால் உப்புப் பட்டு கண்ணீர் வரும். கரண்டியால் சாப்பிட ஆரம்பித்தாள், அதற்கும் ஷெட்டில் "மதாம்மா" என்று கிண்டல். ஆசாரிபள்ளம் பெரியாஸ்பத்திரியில் காட்டினாள். டாக்டரம்மா பொறுமையாகப் பார்த்து, இனிமேல் இந்த எண்ணெய் பக்கமே போகக்கூடாது, போனால் கை கையாக இருக்காது என்று சொல்லிவிட்டார்.

அபினா நாகர்கோவிலில் நர்சிங் இரண்டாம் வருஷம். பெமிலா வேலையை விட்டால் பிள்ளை படிப்பை விடவேண்டும். வேறு கணக்கே அதில் இல்லை.

ரசலையன் கெட்ட மனுஷர் இல்லை. அவளை வெட்டிலிருந்து எடுத்து பீலிங்கில் இருத்தினார். ஆனால் அந்தத் தொலியிலும் எண்ணெயின் மிச்சம் உண்டு. வெடித்த கைக்கு அதுவும் நெருப்புதான். எண்ணெயும் தொலியும் இல்லாத ஒரே வேலை கிரேடிங். பெமிலா போய்க் கேட்டாள். நான் அப்போது படியில் தண்ணீர்க் குடத்தோடு நின்றுகொண்டிருந்தேன்.

"மேஸ்திரி, மாடியில எனக்கு ஒரு எடம் தருவியளா?"

ரசலையன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்தார். "ஒனக்க கையப் பாத்தியா பிள்ளே? வெளிநாட்டுக்குப் போற பருப்பாக்கும் அது. கறை பட்டுதுன்னா கண்டெய்னரோட திருப்பி விட்டுருவான்."

"கறை பட்டவளுக்கு எடம் இல்ல, சரி. ஆனா கறை இல்லாம புதுசா வந்த பிள்ளையளையும் காலனின்னா நீங்க கீழதான இருத்துதிய?"

"அது வேற காரியம்" என்று அவர் போய்விட்டார்.

அதற்குப் பிறகு பெமிலா ஏறாத படி இல்லை. முதலில் யூனியன். செக்ரட்டரி ஹரிகுமார் அவளை உட்காரவைத்து சாயா வாங்கிக் கொடுத்தார். கூலிப் பேச்சுவார்த்தை நடக்கிற நேரம், இப்போது மேலே கீழே என்று கிளப்பினால் தொழிலாளிகளுக்குள் பிளவு வந்துவிடும், கொஞ்சம் பொறுங்கள் என்றார். பிளவு ஏற்கெனவே ஒரு மாடி உயரத்துக்கு இருக்கிறது என்பது அவர் கண்ணில் படவில்லை. கொட்டையை வேகவைக்கிற பாய்லரில் மாதச் சம்பளம் வாங்குகிற ஆண்களின் சங்கத்தில் வளர்ந்த மனுஷர், பாவம்.

அடுத்து சாதிக்காரர்களின் சங்கம். அங்கே சாதிச் சர்ட்டிபிக்கேட்டைக் கேட்டார்கள். கிறிஸ்தவள் என்பதால் அதில் பி.சி. என்று போட்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு, எஸ்.சி. என்றால் கமிஷனுக்கு மனு எழுதலாம், நீங்கள் மதம் மாறினவர்கள் ஆச்சே என்று கையை விரித்தார்கள். மாறினது அவளுடைய பாட்டனுக்குப் பாட்டன். மாடிப்படி மட்டும் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. சபையில் போய்ச் சொன்னாள். கமிட்டியில் எல்லாரும் ஆண்கள். பாஸ்டர் அவள் கையைப் பிடித்து ஜெபம் பண்ணினார், இது ஆபீஸ் காரியம், சபை தலையிட்டால் நன்றாக இருக்காது என்றார். "ஜெபம் நல்லாத்தான் இருந்துது" என்றாள் பெமிலா. மகளிர் குழுவிலும் கேட்டுப் பார்த்தாள். குழுத்தலைவி எங்கள் மாடியில் இருக்கிற ஷைஜாவின் அக்கா. பெண்ணுக்கு ஆண் கொடுமை செய்தால் குழு வரும், பெண்ணும் பெண்ணும் பேசித்தீர்க்கவேண்டியதற்கு எப்படி வரும் என்று கேட்டாளாம்.

ஒருநாள் பைப்படியில் கை கழுவிக்கொண்டே இதையெல்லாம் என்னிடம் சொல்லிச் சிரித்தாள்.

"யூனியனுக்கு நான் பொம்பள, பொம்பளைகளுக்கு நான் காலனிக்காரி, காலனிச் சங்கத்துக்கு நான் கிறிஸ்தவ, சபைக்கு நான் அண்டி வெட்டுகவ. நான் ஒருத்தியா நாலு பேரா அக்கா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் ஏறி இறங்கிய இடமெல்லாம் ரெடிமேட் கடையில் பிளவுஸ் எடுக்கிற மாதிரிதான். தோள் சரியாக இருந்தால் கை இறுகும், கை சரியாக இருந்தால் மார்பு பிடிக்கும். தைத்தவன் யாரையும் கெடுக்க நினைத்துத் தைக்கவில்லை, ஆனால் நம் உடம்பை அவன் பார்த்ததில்லை. இதையும் சொல்லவேண்டும், இந்தச் சங்கமும் சபையும் குழுவும் இல்லையென்றால் நாங்கள் இன்னும் மோசமாகக் கிடந்திருப்போம். பி.எஃபும் ஈ.எஸ்.ஐயும் யூனியன் போராடி வாங்கித்தந்தது. பெமிலாவின் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பெண்களுக்கு எழுத்து தெரியும் என்றால் அது சபை செய்த நன்மை. நன்றி மறந்து பேசக்கூடாது.

பெமிலா மறுபடி ரசலையனிடம் போனாள். ஷெட் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள். "கைதான காரியம்? கறை போனா எடம் உண்டா?"

அவர் சிரித்துக்கொண்டே, "போனா வா, பாப்போம்" என்றார். போகாது என்ற நம்பிக்கையில் சொன்னது.

அன்றைக்கே வேலையிலிருந்து நின்றாள். நூறு நாள் வேலைக்குப் போனாள், ஒரு பிரசவ வீட்டில் சமைத்துக் கொடுத்தாள், மிச்ச நேரத்தில் கைக்கு வைத்தியம். தேங்காய் எண்ணெய், மஞ்சள், ஆஸ்பத்திரிக் களிம்பு என்று மாற்றி மாற்றிப் பூசினாள். கறுத்த தோல் கழன்று கழன்று புதுத்தோல் வந்தது. சபையில் தோத்திரம் சொல்லிக் கையைத் தூக்கும்போது பக்கத்துப் பெண்கள் பாட்டை விட்டுவிட்டு அவள் கையைப் பார்த்தார்களாம்.

எல்லாம் போயும் நகத்தில் மட்டும் கறை நின்றது. நகம் வளர்ந்து வெட்டினால்தான் அது போகும். அதற்குப் பொறுக்காமல் அவள் ஒரு காரியம் செய்தாள். மகளிடம் சொல்லி பத்து விரலுக்கும் பளபளவென்று சிவப்பு நெயில் பாலிஷ் போட்டுக்கொண்டு, நல்ல சேலை உடுத்து, நேராக மாடிக்கு ஏறி வந்தாள். கிரேடிங்கில் இருப்பவள் நெயில் பாலிஷ் போடக்கூடாது. அது உதிர்ந்து பருப்பில் கலந்துவிடும். வளையலைக்கூடக் கழற்றிவைக்கச் சொல்வார்கள். மாடியில் உள்ள சின்னப் பெண்ணுக்கும் இது தெரியும். ஆனால் பெமிலாவுக்கு எப்படித் தெரியும்? அத்தனை வருஷத்தில் அவளை யார் மாடிக்கு விட்டார்கள்?

ரசலையனுக்குக் கொண்டாட்டம். "எல்லாரும் பாருங்கோ, சினிமாவில நடிக்க வந்திருக்கா!" மாடி முழுக்கச் சிரித்தது. பெமிலா தன் விரல்களை ஒருதரம் பார்த்தாள். சேலைத் தலைப்புக்குள் கையை மறைத்துக்கொண்டு இறங்கிப் போனாள். அவள் சிரிப்பைக் கேட்டு எரிச்சல்பட்ட எனக்கு, அவள் சிரிக்காமல் போனது தாங்கமுடியாததாக இருந்தது.

நகம் வளர்ந்தது. மறுபடி வந்தாள். இந்தத் தடவை ஒரு பூச்சும் இல்லை. ரசலையன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. எங்களில் பாதிப்பேர் கையைவிட அது சுத்தமாக இருந்தது. மனுஷர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "எடம் காலி இல்ல" என்றார்.

"காலி ஆவும்போ சொல்லுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு தினமும் காலையில் ஆபீஸ் திறக்கிற நேரத்துக்கு கேட்டுக்கு வெளியே வந்து நிற்பாள். ரசலையன் வரும்போது இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டுவாள். அவர் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போவார். இவள் வேறு வேலை தேடிப் போவாள். முதலில் எல்லாரும் கேலி பேசினார்கள். பிறகு கேலி நின்றது. பஸ்ஸில் போகிறவர்கள்கூட இந்தப் பெண் ஏன் கையைக் காட்டிக்கொண்டு நிற்கிறாள் என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஹரிகுமாருக்கும் மானம் என்று ஒன்று உண்டுதானே. ஒருநாள் காலையில் அவரும் வந்து அவள் பக்கத்தில் நின்றார், மழை தூறிக்கொண்டிருந்தது, குடையை அவளுக்குப் பிடித்தார். அதற்காக அவரைப் பற்றி நான் முன்னால் சொன்னதில் பாதியைத் தள்ளிக்கொள்ளலாம்.

இந்த நேரத்தில்தான் எனக்கு வந்தது கேடு. சர்க்கரை என் கண்ணுக்குள் இறங்கிவிட்டது. ஆபரேஷன் செய்தால் சரியாகிற சாதாரண புரை இல்லை, உள்ளே நரம்பே கெட்டுவிட்டது, இனி இருப்பதைக் காப்பாற்றத்தான் முடியும் என்றார்கள். நான் ஆபீஸில் மூச்சுவிடவில்லை. பழக்கத்தில் கை தடவிப் பிரித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஷைஜா தெரிந்தும் தெரியாத மாதிரி என் தட்டில் தவறிப்போனதை எடுத்து மாற்றிப்போடுவாள். எத்தனை நாளைக்கு? தரம் மாறிக் கலந்துபோன ஒரு லோடு திரும்பி வந்தது. மானேஜர் மாடிக்கே வந்து என் மேசையில் இரண்டு குவியலை வைத்து, எது பெரிசு எது சின்னது என்று கேட்டார். எனக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரிந்தது.

"தாணம்மா, நீங்க வீட்ட இருந்து ரெஸ்ட் எடுங்க" என்றார். நல்ல தன்மையாகத்தான் சொன்னார்.

பென்ஷனுக்கான சர்வீஸ் இன்னும் முடியவில்லை. வீடு என்று அவர் சொன்னது வாடகைக்கு எடுத்த ஒரு அறை. அதை விட்டால் தேரூரில் அண்ணன் வள்ளிநாயகம் வீட்டு அடுக்களை மூலை, அங்கே மதினியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிடவேண்டும். எனக்கு முன்னாலும் இரண்டு பேர் இப்படிக் கண் போய் மாடியிலிருந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். கீழே பீலிங்கில் ஆள் பற்றாமல் கிடக்கும், ஆனால் அவர்களைக் கீழே இருத்தலாம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. அவர்களுக்கே தோன்றியதில்லை. எனக்கும்தான். பெமிலாவை ஏறவிடாத அதே படி என்னை இறங்கவும் விடாது என்பது அதுவரை என் புத்திக்கு எட்டவில்லை.

மறுநாள் காலையில் நான் சோற்றுப்பாத்திரம், டவல், கழற்றிவைத்த வளையல் எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு படி இறங்கினேன். கீழே ரசலையன் நின்றார். கேட்டைத் திறந்து பெமிலாவை உள்ளே கூட்டிவந்திருந்தார். தினமும் கேட்டில் ஆள் நிற்பது மானேஜருக்குத் தொந்தரவாகப் போய்விட்டது, ஒரு இடமும் காலியாகிவிட்டது. என் இடத்தை அவளுக்குக் கொடுத்தால் கேட்டும் காலியாகும், மாடிப்பெண்களின் கோபமும் அவள் மேலேயே போகும். கெட்டிக்காரர்கள்.

பெமிலா என் பையைப் பார்த்தாள். "அக்கா எங்க போறிய?"

"வீட்டுக்கு. எனக்குக் கண்ணு போச்சு. எனக்க எடம் இனி ஒனக்காக்கும். போ, போய் இரி" என்றேன். நல்லபடியாகச் சொல்லவில்லை, கடித்துத்தான் சொன்னேன். அந்த நேரத்தில் அவள்மேல் எனக்குக் கோபம்தான் வந்தது.

அவள் படியில் கால்வைக்கவில்லை. ரசலையனைப் பார்த்துத் திரும்பினாள்.

"பீலிங்கில எனக்க எடம் காலியாத்தான கெடக்கு? அக்காவ அங்க இருத்துங்க. தொலி உரிக்க விரல் போதும், கண்ணு எதுக்கு?"

ரசலையன் பதறிப்போனார். "நீ என்ன பேசுதே? அவிய எப்பிடி கீழ இருப்பாவ?"

"ஏன்? அவியளுக்க கை சரியில்லியா?"

வெட்டு மெஷின் எல்லாம் நின்றுபோயிருந்தது. மாடியிலிருந்து தலைகள் எட்டிப்பார்த்தன. ஷெட்டில் யாரோ ஒருத்திக்கு சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது, அதைத் தொடர்ந்து எல்லாருக்கும். ரசலையன் சிரிக்கவில்லை. அவர் வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே காரணத்தை அவள் அவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். மானேஜர் அறையிலிருந்து வெளியே வந்து என்ன சத்தம் என்று கேட்டார். பெமிலா அவரிடம் பணிவாகத்தான் சொன்னாள்.

"சார், அக்காவுக்குக் கீழ எடம் குடுத்தா நான் மேல போறேன். அவியள வீட்டுக்கு அனுப்பிட்டு அந்த எடத்துல என்னை இருத்தினா நான் இருக்கமாட்டேன். நாளைக்கும் கேட்டுலதான் நிப்பேன்."

அவள் மகளுக்குப் பரீட்சைப் பணம் கட்ட நாள் நெருங்கியிருந்தது, அது எனக்குத் தெரியும். மாதக்கணக்காக எண்ணெய் பூசி, கேலி வாங்கி, மழையில் நின்று, கடைசியில் கைக்கு வந்த இடம். அதை எனக்காகத் தரையில் வைத்துவிட்டு நிற்கிறாள். அவளுக்கு நான் என்ன செய்திருக்கிறேன்? பைப்படியில் நின்று அவள் பேச்சைக் கேட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

மானேஜர் என்னைப் பார்த்தார். "ஒங்களுக்குச் சம்மதமா தாணம்மா?"

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். என் மனசில் ஓடியதை ஒளிக்காமல் சொல்கிறேன். அப்பாவின் திருநீறு பூசிய நெற்றி வந்தது. ஊரில் என்ன சொல்வார்கள் என்று வந்தது. மதினியின் முகமும் வந்தது, நல்லவேளை அது கடைசியாக வந்தது.

"எனக்குக் குத்தவச்சு இருக்க முடியாது, முட்டு வலிக்கும்" என்றேன். "இருக்க ஒரு பலகை வேணும்."

பலகை வந்தது. கொண்டுவந்து போட்டவர் ரசலையன்தான்.

பெமிலா மாடியேறினாள். ஷைஜா தன் பக்கத்தில் இடம்விட்டு நகர்ந்து உட்கார்ந்ததாகப் பிறகு கேட்டேன். வேறு இரண்டு பேர் பெஞ்சை மாற்றிக்கொண்டார்களாம். அன்றைக்குச் சாயங்காலமே அண்ணன் போன் செய்தான். "நம்ம குடும்பத்துப் பொம்பள போய் கீழ அவங்க கூட இருக்கியாமே, எங்களுக்கு வெளிய தல காட்ட முடியுமா?" என்றான். கட்டியவன் விட்டுப்போன நாளிலிருந்து ஒரு வேளைச் சோற்றுக்கு அழைக்காதவனுக்கு இப்போதுதான் நான் குடும்பத்துப் பெண் என்று நினைவு வந்திருக்கிறது. "தலைய உள்ளயே வச்சுக்கோ" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

பீலிங் எனக்கு வந்துவிட்டது. பருப்பை விரலில் உருட்டினால் தொலி எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியும். ஆரம்பத்தில் கீழே உள்ளவர்கள் என்னோடு ஒட்டவில்லை. நான் போனால் பேச்சை நிறுத்திவிடுவார்கள், வேவு பார்க்க வந்தவள் என்று நினைத்தார்களோ என்னவோ. அதில் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது? மாடியிலோ மத்தியானம் சாப்பிடும்போது பெமிலாவைச் சுற்றி இடம் காலியாகிவிடும். ஷைஜாவும் அந்த நேரத்தில் மற்றவர்களோடுதான் போய் உட்காருவாள், வேலைக்குப் பக்கத்தில் இருப்பது ஒன்று, சோற்றுக்கு இருப்பது வேறு. அதனால் பெமிலா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு கீழே வருவாள். நானும் அவளும் பின்பக்கம் அயனிமரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடுவோம். அவள் மீன்கறி, மோர் விட்ட என் புளிசேரி. அவள் இப்போது கரண்டி இல்லாமல் கையால் பிசைந்து சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

ஒருநாள் கேட்டேன். "ஏட்டி பெமிலா, அண்ணைக்கு மானேஜர் சம்மதிக்காம இருந்தா என்ன செய்திருப்பே?"

"அழுதிருப்பேன்" என்றாள். "ஆனா அக்கா, நான் மட்டும் ஏறினா, பெமிலா ஏறிட்டா, அவ கெட்டிக்காரின்னு சொல்லிட்டு விட்டிருவாவ. நீங்க எறங்கினாத்தான் அது வெறும் படின்னு தெரியும்."

அது தெரிந்துதான் போனது. ஹரிகுமார் அடுத்த பேச்சுவார்த்தையில், யார் எந்தப் பிரிவுக்கு மாறவேண்டுமானாலும் சர்வீஸைப் பார்த்து மாற்றவேண்டும் என்று ஒரு கோரிக்கை வைத்தார். வைத்ததோடு நிற்காமல் வாங்கியும் தந்தார். காலனியிலிருந்து வருகிற ஷிபா என்பவளும் இன்னொரு பெண்ணும் மாடிக்குப் போனார்கள். கண் போய் வீட்டில் இருந்த இரண்டு பேரில் ஒருத்தி திரும்பி வந்து, ஒரு பலகை கேட்டு, என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அபினா படிப்பை முடிக்கப்போகிறாள். ரசலையன் இப்போது புதிதாக வருகிற பிள்ளைகளிடம் வீடு எங்கே என்று கேட்கிறார், கேட்டுவிட்டு என்ன செய்வது என்று தெரியாமல் தலையைச் சொறிகிறார்.

எல்லாம் மாறிவிட்டது என்று நான் பொய் சொல்லமாட்டேன். சோற்று நேரம் மட்டும் மாறவே இல்லை. ஒரு ஓணமும் ஒரு கிறிஸ்துமஸும் போன பிறகும் பெமிலா பாத்திரத்தோடு கீழே இறங்கி வந்துகொண்டுதான் இருந்தாள். எனக்கு அது வருத்தம், ஆனால் ஒரு சுயநலமும் இருந்தது. அவள் வருகிற அந்த நேரத்துக்காகத்தான் எனக்குக் காலை முழுக்கக் கை ஓடியது.

போன மாதம் ஒருநாள் மத்தியானம் நான் மரத்தடியில் பாத்திரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவள் வரவில்லை. உடம்புக்கு என்னவோ, மறுபடி கையில் ஏதாவது வந்துவிட்டதோ என்று பயந்து, சுவரைப் பிடித்துப் பிடித்துப் படிப்பக்கம் போனேன். அப்போது மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது. ஒருத்தி சிரித்தது இல்லை, பல பேர். நடுவில் பெமிலாவின் குரல், எதையோ நடித்துக்காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். பிறகு ஷைஜா கேட்டது தெளிவாக விழுந்தது. "பெமிலா, அந்த மீன்கறி இன்னும் இருக்கா? எனக்கு ரெண்டு துண்டு வையி."

நான் மேலே போகவில்லை, கூப்பிடவும் இல்லை. சத்தம் காட்டாமல் மரத்தடிக்கே திரும்பி வந்து உட்கார்ந்தேன். கண்ணில் நீர் வந்து சோறும் தெரியவில்லை, கறியும் தெரியவில்லை. தனியாக உட்கார்ந்து நான் எத்தனையோ நாள் சாப்பிட்டிருக்கிறேன், வருஷக்கணக்காக. அன்றைக்கு மாதிரி வயிறு நிறையச் சாப்பிட்டது ஒருநாளும் இல்லை.